குகைவாழ் ஐசோப்பாட்டைப் புதிய சிற்றினமாக விவரித்தல்: கொங்கு நாட்டு ஆய்வாளருக்கான முழுமையான வழிகாட்டி

கொங்கு நாட்டுக் கரடுகளில் மழை ஓய்ந்த மறுநாள் ஒரு கல்லைப் புரட்டினால், அடியில் ஈரமண்ணோடு ஒட்டிக் கிடந்த சாம்பல் நிறச் சிற்றுயிர்கள் நாலாபுறமும் ஓடும். சில ஓடாமல் அங்கேயே சுருண்டு மிளகு போலாகிவிடும். ஊர்ப்பக்கம் இவற்றுக்கென்று ஒரே பெயர் கிடையாது. உருண்டைப் பூச்சி என்பாரும் உண்டு, மரவட்டைக் குஞ்சு என்று எண்ணி மிதிப்பாரும் உண்டு. உண்மையில் இவை பூச்சியும் அல்ல, மரவட்டையும் அல்ல. நண்டும் இறாலும் அடங்கிய கிரஸ்டேசியாவைச் சேர்ந்து, கடலை விட்டு வந்து நிலத்திலேயே வாழப் பழகிக்கொண்ட ஐசோப்பாடுகள். உலகில் இதுவரை 3,700-க்கும் மேற்பட்ட நிலவாழ் ஐசோப்பாட்டுச் சிற்றினங்கள் பெயரிடப்பட்டுள்ளன. உடலின் மேல்தோலில் பூச்சிகளுக்கு இருப்பது போன்ற திறமையான மெழுகுப் பூச்சு இல்லாததால் இவை எளிதில் உலர்ந்துவிடும். ஆகவேதான் ஈரம் மாறாத பாறை இடுக்குகளும் குகைகளும் இவற்றுக்குப் புகலிடமாகின்றன.

குகையொன்றில் கிடைத்த ஐசோப்பாடு இதுவரை பெயரிடப்படாததாக இருக்குமோ என்று ஐயுறும் விலங்கியல் மாணவர்களையும் ஆசிரியர்களையும் மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். குகையில் செலவிடும் நேரம் சிறிது. நுண்ணோக்கியின் முன்னும் நூறாண்டுப் பழமையான கட்டுரைகளின் நடுவிலும் செலவிடும் நேரமே பெரிது. எல்லாவற்றையும் முடிவு செய்வது பெரும்பாலும் முழு வளர்ச்சியடைந்த ஓர் ஆண் மாதிரிதான். அது கையில் இல்லாதவரை விவரிப்பைத் தொடங்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து; காரணம் பின்னால் விளங்கும்.

எது குகை, எது குகைவாழ் உயிர்

கொங்கு மண்டலத்தின் அடிப்பாறை பெரும்பாலும் நைஸும் சார்னோகைட்டும் கருங்கல்லும்தான். மதுக்கரையிலும் சங்ககிரியிலும் சுண்ணாம்புக்கல் வெட்டி எடுக்கப்படுகிறது என்றாலும், மேகாலயாவில் இருப்பது போல நீர் அரித்துக் குடைந்து கிலோமீட்டர் கணக்கில் நீளும் சுண்ணாம்புக் குகைகளை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. நம் பக்கத்தில் குகை என்றும் புடவு என்றும் சொல்லப்படுவது, உருண்டு விழுந்த பெரும்பாறைகளுக்கு இடையே அமைந்த இருட்டு இடைவெளியாகவோ, பாறைத் தாழ்வாரமாகவோதான் இருக்கும். புகழூர் ஆறுநாட்டார் மலையின் கற்படுக்கைகளும் அறச்சலூரின் இசைக் கல்வெட்டுக் குகையும் வரலாற்று ஆய்வாளருக்குப் பொன் போன்றவை. ஆனால் பகல் வெளிச்சமும் காற்றும் தாராளமாகப் புகும் இத்தகைய தாழ்வாரங்களில் குகைக்கே உரிய உயிரைத் தேடுவதில் பயன் குறைவு. தொல்லியல் சின்னங்களில் ஒரு கல்லைக்கூட அசைக்கக் கூடாது என்பதைத் தனியே சொல்ல வேண்டியதில்லை.

குகையில் கிடைக்கும் உயிர்களை மூன்றாகப் பிரிப்பது வழக்கம்: இருட்டுக்கு வெளியே வாழவே முடியாதவை, குகையிலும் வெளியிலும் இனம்பெருக்கி வாழ்பவை, வழிதவறி உள்ளே வந்தவை. முதல் வகையில் கண்கள் சிறுத்தோ அற்றோ போவதும், நிறமி மறைவதும், உணர்கொம்புகளும் கால்களும் நீள்வதும் பல குடும்பங்களில் தனித்தனியே நிகழ்ந்திருக்கின்றன. நம் பக்கத்துப் பாறைக் குகைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டாம் வகையாகவே இருக்கும் என்ற எச்சரிக்கையோடு தொடங்குவது நல்லது. குகைக்கு வெளியே உள்ள இலைச்சருகிலும் கற்குவியலிலும் அதே அக்கறையோடு தேடிப் பார்த்து, அங்கே இல்லை என்று உறுதியான பின்னரே கட்டுரையில் ‘குகைவாழ்’ என்ற அடைமொழியைச் சேர்க்கலாம்.

அனுமதி

இதை முதலில் முடிக்காமல் ஒரு மாதிரியைக்கூட எடுக்காதீர்கள். அனுமதியின்றி எடுத்த மாதிரியை வைத்து எழுதும் கட்டுரையை நல்ல இதழ்கள் திருப்பி அனுப்பிவிடும். ஆனைமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்கள் போன்ற பாதுகாக்கப்பட்ட பகுதிகளில், 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தலைமை வனவுயிர்க் காப்பாளரின் அனுமதி தேவை. காப்புக்காடாக இருந்தால் வனத்துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். மருதமலையின் பாம்பாட்டிச் சித்தர் குகை, ஏற்காட்டின் சேர்வராயன் கோயில் குகை போன்ற வழிபாட்டிடங்களில் கோயில் நிர்வாகத்தின் ஒப்புதலும், அதற்கும் மேலாகப் பூசாரியின் மனமுவந்த சம்மதமும் வேண்டும். என்ன எடுக்கிறோம், எத்தனை எடுக்கிறோம் என்று பொறுமையாக விளக்கினால் மறுப்பவர்கள் குறைவு.

2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவையும் படித்துவிடுங்கள். புதிய உயிரினம் ஒன்றைக் கண்டறிபவர் அதைக் குறித்து அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்துக்கு அறிவித்து, மாதிரிகளை அங்கே ஒப்படைக்க வேண்டும் என்று அது சொல்கிறது. விலங்குகளைப் பொறுத்தவரை நமக்குரிய காப்பகம் இந்திய விலங்கியல் ஆய்வகம். அதன் தென்மண்டல மையம் சென்னையில் இருக்கிறது. மாதிரியை வெளிநாட்டு வல்லுநருக்குத் தபாலில் அனுப்பிக் கருத்துக் கேட்கும் பழைய வழக்கம் இன்று எளிதன்று. தேசிய உயிரியல் பன்முகத்தன்மை ஆணையத்தின் விதிகளைப் பார்க்காமல் எதையும் நாட்டுக்கு வெளியே அனுப்பக் கூடாது.

சேகரிப்பு

வடகிழக்குப் பருவமழை ஓயும் கார்த்திகை, மார்கழி மாதங்களே நம் பக்கத்தில் தோதானவை. பங்குனி, சித்திரையில் போனால் பாறை வெடிப்புகளின் ஆழத்துக்குள் அவை இறங்கியிருக்கும். வெறுங்கையோடு திரும்பி, ‘இங்கே ஒன்றும் இல்லை’ என்று தவறாக எழுதிவிடுவோம்.

தலைவிளக்கு, மென்மையான இடுக்கி, ஒட்டகமுடித் தூரிகை, வாயால் உறிஞ்சிப் பிடிக்கும் குழாய், மூடி இறுக்கமான சிறு குப்பிகள், வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் கருவி ஆகியவை போதும். வௌவால் எச்சம் குவிந்த இடத்தில் உறிஞ்சுகுழாயை வாயில் வைக்கவே வேண்டாம். அந்த எச்சத்தில் வளரும் பூஞ்சை நுரையீரல் நோயை உண்டாக்கக்கூடும் என்பதால் முகக்கவசம் கட்டாயம். வௌவால்கள் குட்டி ஈன்றிருக்கும் காலத்தில் உள்ளே போகாமல் திரும்பிவிடுவதே முறை.

ஒவ்வொரு மாதிரியும் நுழைவாயிலிலிருந்து எத்தனை மீட்டர் தொலைவில், எவ்வளவு வெளிச்சத்தில், எதன் மேல் இருந்தது என்பதை அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். 1922-இல் ஸ்டான்லி கெம்பும் சோப்ராவும் மேகாலயாவின் காரோ மலையிலுள்ள சிஜு குகையை ஆராய்ந்து, அதன் முடிவுகளை 1924-இல் இந்திய அருங்காட்சியகத்தின் ஆய்வேட்டில் வெளியிட்டார்கள். ஐசோப்பாடு உள்ளிட்ட குகை உயிர்களைத் தொலைவுக் குறிப்புகளோடு பதிவு செய்த அந்தப் பணியை இன்றும் முன்மாதிரியாகக் கொள்ளலாம். முதல் நாளில் ஒன்றும் கிடைக்காவிட்டால் ஊறி மக்கிய மரத்துண்டுகளைச் சில இடங்களில் வைத்துவிட்டு இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பாருங்கள்.

உருவ ஆய்வுக்கு 75 விழுக்காட்டு எத்தனால், மரபணு ஆய்வுக்கு 96 விழுக்காட்டு எத்தனால் என்று இரண்டு குப்பிகள் வேண்டும். செறிவு கூடிய எத்தனாலில் உடல் விறைத்து, தொட்டால் கால்கள் ஒடியும் என்பதால் எல்லாவற்றையும் அதிலேயே போடக் கூடாது. உயிரோடிருக்கும்போதே நிறத்தைப் படமெடுத்துவிடுங்கள். எத்தனாலில் நிறம் நிற்காது.

பெயர்ச்சீட்டைப் பற்றி ஒரு சொந்த அனுபவம். கொல்லிமலையிலிருந்து கொண்டுவந்த பதினொரு குப்பிகளுக்குள்ளும் பந்துமுனைப் பேனாவால் எழுதிய சீட்டுகளைப் போட்டு வைத்தேன். மூன்றாம் வாரம் எடுத்துப் பார்த்தபோது எத்தனால் வெளிர்நீலமாகியிருந்தது, சீட்டுகள் வெள்ளையாகியிருந்தன. எந்தக் குப்பி எந்தப் பாறை இடுக்கிலிருந்து வந்தது என்பது எனக்கே தெரியாமல் போனதால், அந்தப் பதினொன்றும் இன்று வகுப்பில் காட்டுவதற்கு மட்டுமே பயன்படுகின்றன. கெட்டியான பருத்தித் தாளில் பென்சிலால் எழுதுங்கள். சீட்டு குப்பிக்கு உள்ளேயே இருக்க வேண்டும், வெளியே ஒட்டினால் உரிந்துவிடும்.

வெள்ளை நிறம் காட்டும் ஏமாற்று வேலைகள்

மாதிரிகளைப் பிரிக்கத் தொடங்கும்போது, முதலில் அது ஐசோப்பாடுதானா என்று பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில் உருண்டையாகச் சுருளும் மரவட்டைகளும் இருக்கின்றன. ஐசோப்பாட்டுக்கு மார்புக் கண்டங்கள் ஏழு, நடக்கும் கால்கள் ஏழு இணை. அதற்குப் பின்னால் வயிற்றுக் கண்டங்கள் ஐந்தும் வால்தகடும். எண்ணினால் ஐயம் தீர்ந்துவிடும்.

குகையில் கிடைத்து, வெள்ளையாகவும் இருந்தால் குகைவாழ் உயிர்தான் என்று முடிவு கட்டிவிடுவதே புதியவர்கள் செய்யும் முதல் தவறு. ஐசோப்பாடு தோலை இரண்டு தவணையாக உரிக்கும்: முதலில் பின்பாதி, சில நாள் கழித்து முன்பாதி. இடைப்பட்ட நாளில் அது பாதி வெளிறியும் பாதி சாம்பலுமாக, இரண்டு உயிர்களை ஒட்டவைத்தது போலத் தோன்றும். தாயின் வயிற்றடிப் பையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த குஞ்சுகளும் வெளுப்பாக இருக்கும். அவற்றுக்கு ஆறு இணைக் கால்களே இருப்பதால் கண்டுபிடித்துவிடலாம். ஏமாற்றுவதில் கைதேர்ந்தது, திரிகோரைனா டொமென்டோசா என்ற சிறு வெள்ளை ஐசோப்பாடு. தொட்டி மண்ணோடு பயணம் செய்து வெப்பமண்டலமெங்கும் பரவிவிட்ட இது, ஆணில்லாமலே பெருகக்கூடியது. பூந்தொட்டியும் எருவும் வந்துபோகும் கோயில் குகையில் வெள்ளைப் பெண்கள் மட்டுமே திரும்பத் திரும்பக் கிடைத்தால், முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

நுண்ணோக்கியின் கீழ்

அடையாளம் பெரும்பாலும் ஆணின் வயிற்றுக் கால்களில் இருக்கிறது. முதலிரண்டு இணை வயிற்றுக் கால்களின் உட்கிளைகள் ஆணில் விந்தைக் கடத்தும் கருவியாக மாறியுள்ளன. அவற்றின் நுனி கூர்மையா, வளைந்ததா, சிறு பற்கள் வரிசையாக உள்ளனவா என்பது சிற்றினத்துக்குச் சிற்றினம் மாறும். வெளியே ஒன்றுபோல் தோன்றும் இரண்டு சிற்றினங்களை இந்த நுனி ஒன்றே பிரித்துக் காட்டுவதுண்டு. பெண்ணை மட்டும் வைத்து விவரித்த பல பழைய பெயர்கள் இன்று யாருடையவை என்று தெரியாமல் தொங்கிக்கொண்டிருப்பதற்கு இதுவே காரணம். ஆண் கிடைப்பது எளிதல்ல. சில ஐசோப்பாடுகளில் வோல்பாக்கியா என்ற பாக்டீரியா ஆண்களையே பெண்களாக மாற்றிவிடுகிறது. கிடைக்காவிட்டால் மறுபடியும் குகைக்குப் போவதைத் தவிர வழியில்லை.

முதலில் முழு உடலையும் மேலிருந்து வரைந்து, தலையின் முன்விளிம்பிலிருந்து வால்தகட்டின் நுனி வரை நீளத்தை அளவிடுங்கள். கண் இருந்தால் அதில் எத்தனை சிறுகண்கள் என்று எண்ணுங்கள். பிறகுதான் பிரித்தெடுத்தல். இரண்டு மரக்குச்சிகளின் நுனியில் மிக மெல்லிய பூச்சி ஊசிகளைச் செருகிக்கொண்டு, கிளிசரின் துளியில் மாதிரியை மல்லாக்க வைத்து, ஒரு பக்கத்து உறுப்புகளை மட்டும் எடுக்க வேண்டும். மறுபக்கம் அடுத்த தலைமுறை ஆய்வாளருக்கு. நான்கு மில்லிமீட்டர் உடலிலிருந்து பிரியும் வயிற்றுக் கால் கடுகின் கால்வாசிகூட இருக்காது. கண்ணாடி போல ஒளி ஊடுருவுவதால், வெளிச்சத்தைச் சாய்த்தால்தான் அதன் விளிம்பு தெரியும். மூச்சுக் காற்றுக்கே பறந்துவிடும். சித்திரை வெயிலிலும் மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் இந்த வேலையில் உட்கார வேண்டும் என்பதால், நான் விடியற்காலை ஐந்து மணியை இதற்கென்று ஒதுக்கிக்கொண்டேன்.

உணர்கொம்புகள் இரண்டு இணை, தாடைகள், வாயுறுப்புகள், முதல் கால், ஏழாம் கால், ஐந்து வயிற்றுக் கால்கள், வால்கால் என்று வரிசையாக எடுத்து, ஒவ்வொன்றையும் தனிக் கண்ணாடித் தகட்டில் பதியுங்கள். முதல் இணை உணர்கொம்பு மூன்றே கணுக்கள் கொண்ட சிறு முளை. அதைத் தேடும்போது தலையைச் சிதைத்துவிடுவது வழக்கமான விபத்து. பதிவதற்கு ஹோயர் ஊடகம் நன்று: 50 மில்லி வாலைவடிநீர், 30 கிராம் கருவேலம் பிசின், 200 கிராம் குளோரல் ஹைட்ரேட், 20 மில்லி கிளிசரின். குளோரல் ஹைட்ரேட் எளிதில் கிடைக்காத கல்லூரிகள் யூப்பரால் என்ற பதிவு ஊடகத்தைப் பயன்படுத்தலாம்.

மார்புக் கண்டங்களின் இரு ஓரங்களிலும் மற்ற மயிர்களிலிருந்து வேறுபட்டு நீண்ட உணர்மயிர் ஒவ்வொன்று பல குடும்பங்களில் இருக்கும். அது பின்விளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி, பக்கவிளிம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை அளந்து, இரண்டையும் அந்தக் கண்டத்தின் நீளத்தால் வகுத்து ஏழு கண்டங்களுக்கும் வரைபடமாகப் போடும் முறையைப் பிரெஞ்சு ஆய்வாளர் ஆல்பர்ட் வாண்டெல் வகுத்துத் தந்தார். ஒரு நாள் முழுவதும் பிடிக்கும் வேலைதான். ஆனால் பேரினத்தைத் தீர்மானிக்க அந்தக் கோடுகளின் வடிவமே பல நேரங்களில் கைகொடுக்கும்.

மரபணு ஆய்வில் மைட்டோகாண்டிரியாவின் சிஓஐ மரபணுவில் சுமார் 650 எழுத்துகள் கொண்ட துண்டைப் படிப்பது வழக்கம். வசதி இருந்தால் செய்யுங்கள். இல்லாததால் ஒரு நல்ல விவரிப்பு நின்றுபோகத் தேவையில்லை. ஒப்பிடுவதற்கு இந்திய ஐசோப்பாடுகளின் மரபணுத் தரவே குறைவாக இருக்கும்போது, அந்த எழுத்து வரிசை தனியாக நின்று எதையும் நிறுவாது.

பழைய ஏடுகளோடு ஒப்பிடுதல்

குடும்பமும் பேரினமும் தெரிந்த பின், அந்தப் பேரினத்தில் இதுவரை பெயரிடப்பட்ட எல்லாச் சிற்றினங்களின் மூல விவரிப்பையும் படித்தாக வேண்டும். ஹெல்முட் ஷ்மால்ஃபஸ் 2003-இல் வெளியிட்ட உலகப் பட்டியலும், அதன் பின்வந்தவற்றுக்கு இணையத்திலுள்ள உலக ஐசோப்பாட்டுத் தரவுத்தளமும் நுழைவாயில்கள். இந்தியாவுக்கு வால்டர் காலிஞ் 1914 முதல் எழுதிய கட்டுரைத் தொடர் தவிர்க்க முடியாதது. பழைய இந்திய அருங்காட்சியக ஆய்வேடுகள் உயிரியல் பன்முகத்தன்மைப் பாரம்பரிய நூலகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. இலங்கையையும் மியான்மரையும் விட்டுவிடாதீர்கள். மாவட்ட எல்லையை மட்டுமல்ல, நாட்டெல்லையையும் ஐசோப்பாடு அறியாது. அந்தக் கால விவரிப்புகள் பத்து வரியில் முடிந்து, ஆணின் வயிற்றுக் காலைப் பற்றி வாய் திறக்காமல் இருந்தால், காப்பகத்தில் உள்ள மூல மாதிரியையே நேரில் பார்க்க வேண்டும். சலிப்பூட்டும் இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதித்தவர்கள் ஏற்கெனவே பெயருள்ள உயிருக்கு இரண்டாவது பெயர் வைத்துவிடுகிறார்கள். முன்னுரிமை விதிப்படி நிற்பது பழைய பெயர்தான்.

பெயரும் விதிகளும்

2000-ஆம் ஆண்டு சனவரி 1 முதல் நடப்பிலுள்ள பன்னாட்டு விலங்கியல் பெயரிடல் விதித்தொகுப்பின் நான்காம் பதிப்பே நமக்குச் சட்டம். பெயர் லத்தீன் எழுத்துகளில் இருக்க வேண்டும். இது புதிய சிற்றினம் என்று வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வேறுபடுத்தும் பண்புகளைச் சொற்களில் எழுத வேண்டும். ஹோலோடைப் எனப்படும் ஒரே மூலமாதிரியைக் குறிப்பிட்டு, அது எந்த ஊரில் எந்தக் காப்பகத்தில் இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். ஊர்ப்பெயரோடு ‘என்சிஸ்’ சேர்ப்பது எளிய வழி. பேரினப் பெயர் நடுப்பாலாக இருந்தால் அது ‘என்சே’ ஆகும். ஆண் ஒருவரின் பெயர் என்றால் ‘இ’, பெண் ஒருவரின் பெயர் என்றால் ‘ஏ’ என்ற ஈறு வரும். தன் பெயரையே வைத்துக்கொள்வதை விதி தடுக்கவில்லை, ஆனால் துறையில் யாரும் மதிக்க மாட்டார்கள். குகைக்கு வழிகாட்டிய மலைவாசிப் பெரியவரின் பெயரை அவரைக் கேட்டு வைப்பது எனக்குப் பிடித்த வழக்கம்.

கட்டுரை வெளிவருமுன் பத்திரிகைச் செய்தியில் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். விவரிப்பின்றி வெளிவரும் பெயர் செல்லாது என்பதோடு, பின்னர் குழப்பத்துக்கும் இடமாகும்.

எழுதுதல், ஒப்படைத்தல், வெளியிடுதல்

விவரிப்பைத் தந்திபோல் சுருக்கமாக, தலையிலிருந்து வால் வரை ஒரே வரிசையில், பேரினத்தின் மற்ற சிற்றினங்களின் விவரிப்போடு வரிக்கு வரி ஒப்பிடக்கூடிய வகையில் எழுதுங்கள். அதைவிட முக்கியம், ‘குறிப்புகள்’ என்ற பகுதி. மிக நெருங்கிய இரண்டு மூன்று சிற்றினங்களிலிருந்து இது எந்தெந்தப் பண்பில் வேறுபடுகிறது என்பதை அங்கேதான் வாதிட வேண்டும். மதிப்பீட்டாளர் முதலில் படிப்பது அதைத்தான். வேறுபாடு அளவில் மட்டும் இருந்து வடிவத்தில் இல்லை என்றால், புதிய பெயர் வைக்காமல் நிறுத்திக்கொள்வதே நேர்மை. குகைப் பகுதியின் துல்லியமான ஆள்கூறுகளை எந்த அளவுக்கு வெளியிடுவது என்பதையும் யோசியுங்கள். அரிய ஐசோப்பாடுகளை வளர்ப்புக்காக விலைக்கு வாங்குவோர் உலகெங்கும் பெருகிவிட்டார்கள்.

சூடாக்சா, சூகீஸ், இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் சொந்த ஆய்வேடு ஆகியவை இத்தகைய கட்டுரைகளை ஏற்கின்றன. நம் கோயம்புத்தூரிலிருந்தே வெளிவரும் ‘ஜர்னல் ஆஃப் த்ரெட்டன்ட் டாக்சா’வும் உண்டு. பணம் கட்டினால் ஒரு வாரத்தில் வெளியிடுவோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களின் பக்கம் போகாதீர்கள். இணையத்தில் மட்டும் வெளிவரும் இதழ் என்றால், 2012-இன் விதித்திருத்தப்படி கட்டுரை முன்னதாகவே சூபேங்க் பதிவேட்டில் பதிவாகி, அந்தப் பதிவு கட்டுரைக்குள்ளேயே இடம்பெற வேண்டும். விடுபட்டால் பெயர் செல்லாது.

ஹோலோடைப்பைத் தனிக் குப்பியிலும், அதன் உறுப்புகள் பதிந்த தகடுகளை அதே எண்ணோடும், பாராடைப்புகளை (விவரிப்புக்கு அடிப்படையான மற்ற மாதிரிகளை) ஆண் பெண் பிரித்து வேறு குப்பிகளிலும் வைத்து நேரில் கொண்டுபோய் ஒப்படையுங்கள். தபாலில் அனுப்பினால் எத்தனால் கசிந்து உலர்ந்துவிடும். காப்பகம் தரும் பதிவெண்ணைக் கையெழுத்துப் படியில் விட்டுவைத்த வெற்றிடங்களில் நிரப்பி, மெய்ப்புப் பார்க்கும்போது சீட்டிலுள்ள எண்ணோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள். கட்டுரை வெளிவந்ததும் ஒரு படியை வனத்துறைக்கும், ஒரு படியைப் படங்களோடு குகைப் பூசாரிக்கும் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை ஆண் மாதிரி தேடி அவரிடம்தான் போக வேண்டியிருக்கும்.